சப்பிரகமுவத் தோட்டங்களில் இறைச்சியும் அதன் மாற்றீடுகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இறைச்சியுணவின் இடத்தைத் தாவர உணவுகள் நிரப்ப இயலுமா என்னும் வினா இன்று உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்படுகின்றது. புவி வெப்பமடைதல், கால்நடைகளின் தீவனத்துக்காகக் காடுகள் அழிக்கப்படுதல், உடல் நலம், உயிரிரக்கம் ஆகியன இவ்வினாவின் பின்னணியில் உள்ளன. 2009இல் பியோண்ட் மீற், 2011இல் இம்பொசிபிள் ஃபூட்ஸ் ஆகிய நிறுவனங்கள் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிப் பட்டாணி, சோயா முதலியவற்றின் புரதத்தைக் கொண்டு இறைச்சியின் தோற்றமும் சுவையும் உடைய பண்டங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தன. ஆயின் இவ்விவாதம் பெரும்பாலும் இறைச்சியை நாள்தோறும் மிகுதியாக உண்ணும் சமுதாயங்களை மனங்கொண்டே நடைபெறுகின்றது. இறைச்சி ஆண்டிற் சில நாட்களில் மாத்திரம் கைக்கெட்டும் பொருளாக இருந்த ஒரு சமுதாயத்தில் அதே வினாவை எவ்வாறு கேட்பது? இல்லாத ஒன்றுக்கு மாற்றீடு தேடுவதன் பொருள் யாது? இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் அடங்கிய சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டத் தொழிலாளரின் உணவு வரலாற்றை இவ்வினாவின் வெளிச்சத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தோட்டங்கள் என்றதும் நுவரெலியாவின் உயர்ந்த தேயிலைச் சரிவுகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. சப்பிரகமுவத் தோட்டங்கள் அவற்றினின்றும் வேறுபட்டவை. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, ருவன்வெல்ல முதலிய பகுதிகளில் இறப்பரும் தேயிலையும் அயலயலே அமைந்தன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை ஆகிய இடங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர் விலை பெருகியபோது இப்பகுதிகளிற் பெருந்தோட்டங்கள் விரைந்து பரவின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இங்கு குடியமர்த்தப்பட்டனர். இங்குள்ள தோட்டங்களைச் சிங்களக் கிராமங்கள் நெருங்கிச் சூழ்ந்திருந்தன. கிராமத்தவரிடம் சிறிதேனும் வீட்டுத் தோட்டம் இருந்தது; அதிலே தென்னையும் பலாவும் ஈரப்பலாவும் நின்றன. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கோ குடியிருந்த காம்பராகூடச் சொந்தமானதன்று. உணவு பற்றிய எந்த ஆராய்ச்சியும் இந்நில உறவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தொழிலாளரின் அன்றாட உணவை நிருணயித்தது அவரது சுவையன்று, செக்ரோலே எனலாம். பெரட்டிற்குச் சென்று பேர் விழுந்தால் ஒரு நாட் கூலி. அரைப்பேர் விழுந்தால் அதிற் பாதி. அரிசி தோட்ட நிர்வாகத்தால் கணக்கில் வழங்கப்பட்டு, அதன் பெறுமதி கூலியிற் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குச் சட்டபூர்வமான கூலியை உறுதிசெய்தபோது, உயர்நாடு, இடைநாடு, தாழ்நாடு என மூன்று படிகளில் அது வகுக்கப்பட்டது. தாழ்நாட்டுக்குரிய வீதமே மூன்றிலும் குறைந்ததாகும். அரிசிக்கும் கடன் தவணைக்கும் போக எஞ்சிய சில்லறையில் பருப்பு, மிளகாய், உப்பு, தேங்காய், சிறிது கருவாடு ஆகியவற்றை வாங்கலாம். ஆட்டிறைச்சி அக்கணக்கினுள் இடம்பெறக் கூடிய பொருளன்று.

எனினும் இம்மக்கள் இறைச்சியை விலக்கியவர்கள் அல்லர். அவர்களுட் பெரும்பாலார் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட, உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்கள்; புலாலுணவு அவர்களது மரபில் இயல்பான ஒன்று. மாடசாமி, முனியாண்டி, காளி முதலிய தெய்வங்களுக்கு ஆடும் கோழியும் பலியிடப்பட்டன. தோட்டத்தின் புதிய உற்பத்தி முறையே புதிய தெய்வங்களையும் தோற்றுவித்தது. ஆலையின் சக்கரத்தைக் காவல்செய்யும் ரோதைமுனியும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் வழிபடப்படும் கவ்வாத்துச்சாமியும் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கவை. தீபாவளிக்குத் தோட்ட நிர்வாகம் வழங்கும் முற்பணத்தைக் கொண்டு சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, வெட்டி, கூறு போட்டுப் பங்கிட்டுக் கொள்வது வழக்கமாயிற்று. முற்பணம் பின்னர் மாதந்தோறும் கூலியிற் பிடிக்கப்படும். ஆகவே பண்டிகை நாளின் இறைச்சி, வரவிருக்கும் மாதங்களின் உழைப்பை ஈடுவைத்துப் பெற்ற இறைச்சியாகும். ஆயினும் அதனை வெறும் வீண்செலவென இகழ்தல் தவறு. சமமாகக் கூறு போடப்பட்ட அந்தப் பங்கு, படிநிலைகளால் இறுக்கப்பட்ட தோட்ட வாழ்வில் ஒரு நாளேனும் நிலவிய சமத்துவத்தின் அடையாளமாக இருந்தது.

இவ்விடத்தில் இரு வேறு நிலைகளைப் பிரித்தறிதல் அவசியமாகும். கொள்கையின் அடிப்படையில் இறைச்சியைத் துறப்பது ஒன்று. கூலியின் குறைவால் இறைச்சி கிட்டாதிருப்பது மற்றொன்று. திருக்குறள் புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது; சமண, பௌத்த அறநெறிகளும் உயிரிரக்கத்தை வற்புறுத்தின. இவை மதிக்கத்தக்க மரபுகள். ஆனால் பிற்காலத்திற் சைவ உணவு சாதித் தூய்மையின் அளவுகோலாக ஆக்கப்பட்டதையும், எதனை உண்கிறான் என்பதை வைத்து மனிதனின் தரம் நிருணயிக்கப்பட்டதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது. தோட்டத் தொழிலாளியின் பருப்பும் ரொட்டியும் உருவத்திற் சைவமே. எனினும் அது துறவின் விளைவன்று. இவ்வேறுபாட்டை மறைத்து, ஏழையின் உணவை அறத்தின் உணவாகப் புகழ்வது சுரண்டலுக்குப் பூச்சூட்டுவதாகவே முடியும்.

இறைச்சியின் சத்துக்கு வேறொரு பொருளை ஈடாக வழங்கிய குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று சப்பிரகமுவ வரலாற்றில் உண்டு. 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்றாகும். உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே பசியில் வாடிய கிராமங்களில் நோய் பரவியது. நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், மக்களைக் கொல்வது காய்ச்சல் மாத்திரமன்று, ஊட்டக் குறைவுமே என்பதை நேரிற் கண்டனர். குவினைனோடு, மதுவத்திலிருந்து (ஈஸ்ட்) பெறப்படும் மார்மைற் என்னும் சாற்றையும் உருண்டைகளாக உருட்டி அவர்கள் வழங்கினர். இப்பணியின் அனுபவம் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாவதற்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் என். எம். பெரேரா ருவன்வெல்லத் தொகுதியிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளைத் தொகுதியிலும் வெற்றி பெற்றமைக்கும் அது துணைசெய்தது.

மார்மைற்றின் தெரிவு தற்செயலானதன்று. 1902இல் இங்கிலாந்தில் உற்பத்தி தொடங்கிய அப்பண்டம், சுவையிலும் நிறத்திலும் மாட்டிறைச்சிச் சாற்றை ஒத்தது. 1928இல் பம்பாய்க்குச் சென்ற ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடையே காணப்பட்ட கடும் குருதிச்சோகையை மதுவச் சாறு குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அக்காலத்திற் குருதிச்சோகைக்கு உரிய மருந்தெனக் கருதப்பட்டது விலங்கின் ஈரல். ஆனால் தூய்மைப்படுத்தப்பட்ட ஈரற் சாறு பயனளிக்காத நோயாளரிடத்தும் மதுவச் சாறு பயனளித்ததை அவர் தொடர்ந்து காட்டினார். அவர் தேடிய சத்துப் பொருள் 1941இல் பசளிக்கீரை இனமொன்றின் இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. விலங்குணவால் மாத்திரமே இயலும் என எண்ணப்பட்டதை இலையும் மதுவமும் செய்யக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும். அதே வேளையில் மதுவ உருண்டை பசியின் காரணத்தைத் தீர்க்கவில்லை என்பதும் உண்மை. அதனை உணர்ந்தமையாலேயே அவ்விளைஞர் மருந்தோடு நின்றுவிடாது அரசியலுக்கு வந்தனர்.

சப்பிரகமுவவின் ஈரவலய நிலத்துக்கு இயற்கையே வழங்கிய மாற்றீடாகப் பலரும் கருதுவது பலாக்காயாகும். இளம் பலாக்காயைக் கறித்தூளும் கொறுக்காய்ப் புளியும் இட்டு நீண்ட நேரம் சமைத்தால் அதன் நார் இறைச்சியை ஒத்துப் பிரியும். இப்பண்பினாலேயே அது இன்று தகரத்தில் அடைக்கப்பட்டு மேல்நாடுகளுக்கு இறைச்சி மாற்றீடாக ஏற்றுமதியாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் ஆதர் வீ. டயஸ் என்பார் நாடெங்கும் பலாக் கன்றுகளை நடுவித்து, 'கொஸ் மாமா' என மக்களால் அழைக்கப்பட்டார். பஞ்ச காலங்களில் அம்மரங்கள் பல உயிர்களைக் காத்தன. எனினும் சத்தின் நோக்கிற் பலாக்காய் இறைச்சிக்கு நிகரன்று. இறைச்சியில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம் உண்டு; இளம் பலாக்காயில் உள்ளது 2 அல்லது 3 பங்கே. கொட்டையில் அதனினும் கூடுதலாக உண்டு. நார் ஒத்திருப்பதாற் சத்தும் ஒத்திருக்கும் என்று கொள்ளல் பிழை. மேலும் தொழிலாளிக்கு நிலமின்மையால், தோட்ட எல்லையில் நின்ற மரத்தின் காயும் துரையின் அல்லது அயற் கிராமத்தவரின் இசைவுக்கு உட்பட்டதாகவே இருந்தது.

தொழிலாளரின் அன்றாட வாழ்வில் இறைச்சியின் பணியை உண்மையாக ஆற்றியது பருப்பேயாகும். 1942இல் பர்மா யப்பானியர் வசமானபின் அரிசி இறக்குமதி அற்றது. பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. போர்க்காலத் தேவையாக வந்த ரொட்டி, போர் முடிந்த பின்னரும் லயங்களில் நிலைத்துவிட்டது. காலையிற் சுட்டு, சம்பலோடு மலைக்கு எடுத்துச் செல்லத் தக்கதாக இருந்தமையால், பெண்ணின் வேலை நேரத்துக்கு அது இயைந்தது. கோதுமையின் புரதத்தில் இலைசீன் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது நிறைவு. ஆகவே ரொட்டியும் பருப்பும் ஒருங்கே உண்ணப்படும்போது அவற்றின் புரதம் இறைச்சியின் தரத்தை அணுகுகின்றது. உழைக்கும் மக்கள் நூலறிவின்றியே கண்டடைந்த இணைப்பு இது. இதற்கு ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு: கறியிற் பருப்பு போதிய அளவு இருத்தல் வேண்டும். நீரை மிகுதியாக்கிப் பருப்பைக் குறைத்தால் இணைப்பு பெயரளவிலேயே எஞ்சும்.

அந்நிபந்தனை 1970களிற் சிதைந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் பருப்பு, மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1973-74இல் உலகத் தானிய விலைகள் ஏறியபோது பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது. மாவின் விலை உயர்ந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தோடு கைமாறிய தோட்டங்கள் பலவற்றில் வேலை நாட்களும் குறைந்தன. நிலமற்ற தொழிலாளருக்கு மரவள்ளி நடவும் இடமில்லை. தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதமும் சிசு மரணமும் தேசிய சராசரியைக் கடந்து மிக உயர்ந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் குடியுரிமையும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்திருந்த இம்மக்களுக்கு உணவுக் கொள்கை வகுக்கப்பட்ட அவையில் வலுவான குரல் இருக்கவில்லை. இறைச்சிக்குத் தாவர மாற்றீடு உண்டா என்று இன்று நாம் கேட்கின்றோம். அப்பத்தாண்டில் மறைந்தது அம்மாற்றீடே என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

சோயா அவரை இலங்கையின் உணவுத் திட்டத்துள் நுழைந்ததும் இதே பத்தாண்டிலாகும். 1973இல் கெயார் நிறுவனத்தின் துணையுடன் திரிபோஷத் திட்டம் ஆரம்பமாயிற்று. சோளமும் சோயாவும் சேர்ந்த அம்மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் சுகாதார நிலையங்கள் வாயிலாக வழங்கப்பட்டது. பின்னர் அதன் உற்பத்தி ஜா-எலையில் அமைந்த ஆலையில் நிலைபெற்றது. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவவிலும் ஒரு முயற்சி தொடங்கிற்று. அங்கு அமைந்த சோயா உணவு ஆராய்ச்சி நிலையம், இலினோய் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உதவியோடு சோயாவை உள்நாட்டுச் சமையலுக்கு ஏற்றதாக்க முனைந்தது. அவரையின் பச்சை வாடையைத் தோற்றுவிக்கும் நொதியத்தைக் கொதிநீரில் அழித்துவிடலாம் என்பதே அம்முறையின் சாரம். எனினும் முழு அவரையை ஊறவைத்து, தோலுரித்து, நீண்ட நேரம் அவிப்பதற்கு விறகும் நேரமும் வேண்டும். அந்தி சாயும் வேளையிற் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அடுப்புக்கு வரும் பெண்ணிடம் அவ்விரண்டுமே அரிதாக இருந்தன.

ஆகவே மக்களிடையே வெற்றி பெற்றது அவரையன்று, சோயாமீற்றேயாகும். எண்ணெய் பிழிந்தெடுக்கப்பட்ட சோயா மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசைந்து துளைகளினூடாகப் பிதுக்கும் முறை 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. உலர்ந்த நிலையில் அதிற் பாதியளவு புரதமாகும். நீரில் ஊறிய பின்னரும் இறைச்சியின் அளவுக்குச் சற்றே குறைவாக நிற்கும். இலங்கையில் அது கோழி, இறால், மாசி முதலிய சுவையூட்டிகளோடு சிறு பொதிகளாக விற்கப்படலாயிற்று. தோட்டத்துக் கடை முதல் நகரத்து அங்காடி வரை அது இடம்பெற்றுவிட்டது. சில நிமிடங்களில் வேகும், குளிர்ப்பெட்டி வேண்டாம், ஒரு பொதியில் ஒரு குடும்பத்துக்குக் கறியாகும். மேல்நாடுகளிற் கொள்கையாளரின் உணவாக அறிமுகமான ஒன்று இங்கு அடுப்படியின் தேவையால் ஏற்கப்பட்டது. மாற்றீடு என்பது போதனையால் வருவதன்று, விலை, நேரம், சுவை என்னும் மூன்றும் பொருந்தும்போது வருவது என்பதை இது புலப்படுத்துகின்றது. ஆனால் உள்நாட்டுச் சோயா விளைச்சல் தேவைக்குப் போதாமையால் இப்பண்டமும் இறக்குமதியிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

சத்தின் கணக்கை இனி நேர்மையோடு தொகுத்துக் கூறலாம். புரதத்தைப் பொறுத்தவரையிற் பருப்பும் சோயாவும் இறைச்சியின் இடத்தை நிரப்ப வல்லன; இதில் ஐயத்துக்கு இடமில்லை. இரும்புச்சத்தின் நிலை அவ்வளவு எளிதன்று. தாவரங்களிலுள்ள இரும்பு உடலிற் குறைவாகவே உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் அருந்தினால் அது மேலும் குறையும். பிறருக்காகத் தேயிலை பறிக்கும் பெண் ரொட்டியோடு அருந்தும் சாயத்தண்ணியே அவளது குருதியை மெலியச் செய்யும் காரணங்களுள் ஒன்றாதல் இத்தொழிலின் கசப்பான முரண்பாடாகும். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, குருதிச்சோகையுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து வழங்கியபின் அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியதைக் காட்டியது. பலகாலம் சோம்பல் எனத் துரைமார் குறித்தது பல வேளைகளிற் குருதிக் குறைவே என்பதை இதனால் உய்த்துணரலாம். உணவோடு தேசிக்காயோ நெல்லியோ சேர்த்தலும் தேநீரைச் சற்றுப் பின்தள்ளலும் பயன்தரும். விற்றமின் பி 12ஐப் பொறுத்தமட்டில், இயல்பான தாவர உணவு எதுவும் அதனை நம்பத்தக்க அளவில் அளிப்பதில்லை. சிறிது நெத்தலியோ, முட்டையோ, பாலோ, செறிவூட்டப்பட்ட உணவோ வேண்டும். லயத்துச் சமையலிற் கருவாட்டுத் துண்டொன்றுக்குரிய இடம் இதனாலேயே சிறியதாயினும் முக்கியமானது.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இவ்வரலாற்றின் படிப்பினைகளை மீண்டும் நினைவூட்டின. 2020 செப்டெம்பரில் மாடறுத்தலைத் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை கொள்கையளவில் இசைவளித்தது. உயிரிரக்கத்தின் பெயரால் முன்வைக்கப்பட்ட அவ்யோசனை, மாட்டிறைச்சியை உண்ணும் சிறுபான்மையினரையும் அத்தொழிலாற் பிழைப்போரையும் கலந்து உருவானதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் ஆண்டுக்கு ஆண்டு 94.9 வீதத்தை எட்டியது. இறைச்சியும் மீனும் முட்டையும் மாத்திரமன்றிப் பருப்பும் சோயாமீற்றும் விலையேறின. திரிபோஷ உற்பத்தியும் தடைப்பட்டது. நாட்கூலி 1000 ரூபாவாக வேண்டுமென நெடுங்காலம் போராடி, 2021இல் அதனைப் பெற்ற தொழிலாளருக்கு அவ்வுயர்வின் பயன் ஓராண்டுக்குள் கரைந்தது. விலங்குணவும் தாவர உணவும் ஒருங்கே எட்டாமற் போகும் நிலையில், எது எதற்கு மாற்று என்னும் வினாவே பொருளிழந்துவிடுகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு நாம் வரலாம். தாவர உணவு இறைச்சியின் சத்தைப் பெருமளவு ஈடுசெய்யும் என்பதற்குச் சப்பிரகமுவவின் வரலாறே சான்று. மதுவ உருண்டையும் பருப்பும் சோயாவும் வெவ்வேறு காலங்களில் அப்பணியை ஆற்றின. ஆயினும் அவை ஒவ்வொன்றும் நெருக்கடியின் பிள்ளைகளாகவே வந்தன. எதனையும் தொழிலாளர் தாமாகத் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்யும் ஆற்றல் கூலியிலும் நிலத்திலும் அரசியல் உரிமையிலும் தங்கியுள்ளது. லயத்தின் பக்கத்தில் முருங்கையும் அவரையும் நட ஒரு துண்டு நிலம், பருப்பை நீர்க்காது சமைக்கப் போதிய கூலி, தாய்மாருக்கு இரும்புச்சத்தும் முறையான மருத்துவக் கண்காணிப்பும் கிடைக்குமாயின், இறைச்சி குறைந்த உணவு அவர்களுக்குக் குறையாக இராது. இவையின்றி அவ்வுணவைப் பரிந்துரைப்பது பழைய கூலிக் கணக்கைப் புதிய மொழியில் எழுதுவதேயாகும்.

சோயாமீற்றை வறியோர் உணவென இகழ்வதும், புலாலுண்பதைக் கீழ்மையெனப் பழிப்பதும் ஒரே மேட்டிமை நோக்கின் இரு பக்கங்கள். முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விரண்டையும் மறுத்தல் வேண்டும். உலகு வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இறைச்சியைக் குறைக்கும் கடமை முதலில் மிகுதியாக உண்போருக்கே உரியது. ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டைக் கூறு போட்டுப் பங்கிட்டு உண்ணும் தோட்டத்து மக்களிடம் அதனைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. என்றோ ஒரு நாள் அவர்களே விரும்பி அந்தப் பங்கையும் விட்டுவிட முன்வரலாம். அம்முடிவு வறுமையாலோ ஆணையாலோ அன்றி அவர்தம் சுதந்திரத்தால் எடுக்கப்படும்போதே அது அறம் எனப் பெயர் பெறும்.